நான்கு டிவியும் இரண்டு டிவியும்: ஒரே கன்சோல்கள், இரண்டு வீடுகள், பதினைந்து ஆண்டுகள்

2007க்கும் 2021க்கும் நடுவில் என் வீட்டுக்கு நான்கு டிவி வந்தன. தம்பி வீட்டுக்கு 2009இல் ஒன்றும் 2022இல் ஒன்றுமாக இரண்டுதான். டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியான கன்சோல் விஷயத்தில் எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. சோனியின் பிளேஸ்டேஷன் வரிசையில் பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்5 என்று ஏறக்குறைய ஒன்றாகவே நகர்ந்தோம். பாதிக்கு மேற்பட்ட கேம்களை ஒரே மாதத்தில் வாங்கி, இரவில் ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஆடினோம். அதனால் அவன் திரையில் என்ன தெரிந்தது, என் திரையில் என்ன தெரிந்தது என்பது இருவருக்கும் அத்துப்படி.

புது டிவி வாங்கும்போது எதற்காக வாங்கினேன் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவைப்பேன். அது கைமாறும் நாளில், உண்மையில் எதற்குப் பயன்பட்டது என்று இன்னொரு வரி. அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். புதுப்புதுத் திரை வசதிகளுக்காகக் கன்சோல் ஆடுபவர் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை டிவி மாற்ற வேண்டியிருக்கிறது என்பதே கேள்வி. இரண்டு வீட்டை வைத்து ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் ஒரே கேம், ஒரே கன்சோல், வேறு வேறு திரை என்று இத்தனை காலம் ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பது அரிது.

எழுத்து தெரியாத நாட்கள்

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் வந்தது 2005 நவம்பரில். நான் முதல் தொகுப்பில் வந்த ஒன்றை வாங்கி, வீட்டில் இருந்த டியூப் டிவியில் மாட்டினேன். 2006இல் ‘டெட் ரைசிங்’ வந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்று கேம் சொல்வதெல்லாம் பொடி எழுத்தில் வரும். ஹெச்டி திரையை மனதில் வைத்து அமைத்த எழுத்து. டியூப் டிவியில் அது வெள்ளைப் புழுதியாகத்தான் தெரிந்தது. எனக்கு மட்டும் அல்ல, அந்தக் கேமைப் பழைய டிவியில் ஆடிய பலரும் அப்போது இதையே புகாராகச் சொன்னார்கள். திரைக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிப் படித்துப் படித்து ஆடினேன்.

2007இல் 32 அங்குல எல்சிடி டிவி வாங்கினேன். நோட்டில் உள்ள வரி: “எழுத்து படிக்க.” என் கன்சோலில், படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் அனுப்பும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டே கிடையாது, 360க்கு அது வந்தது 2007இல் எலைட் மாடலோடுதான். ஆகவே படத்துக்கு மூன்று, ஒலிக்கு இரண்டு என ஐந்து முனை கொண்ட காம்பொனென்ட் கேபிளில்தான் ஓட்டினேன். திரையும் சரியான 720 வரிசைத் திரை அல்ல, 1366க்கு 768 பிக்சல். கன்சோல் 720 வரிசை அனுப்பினால் டிவி அதை இழுத்து 768 ஆக்கும். இருந்தாலும் எழுத்து படிக்க முடிந்தது, கேம் விளங்கியது. நான்கு முறை மாற்றியதில் வேறு வழியே இல்லாமல் மாற்றியது இது ஒன்றுதான்.

அதே டிவி ஒன்றைப் பறித்தும் கொண்டது. டியூப் டிவியில் பட்டனை அழுத்தினால் அந்தக் கணமே நடக்கும். எல்சிடி டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அதன் பிறகு காட்டும். தாளத்துக்கு ஏற்பப் பட்டன் தட்டும் கேம் ஒன்றில் நான் தட்டிய தட்டெல்லாம் தவறாகவே விழுந்தது. கேமின் செட்டிங்கில் போய்த் தாமதத்தை அளந்து திருத்திய பிறகுதான் சரியானது. புது டிவி கொண்டுவருவதை மட்டும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போவதையும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்கலாம். தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பத்து ஆண்டு ஆனது.

தம்பி 2009இல் முதல் சம்பளம் வாங்கிய பிறகு 40 அங்குல ஃபுல் ஹெச்டி டிவி ஒன்றை வாங்கினான். இரண்டு ஆண்டு தள்ளி வாங்கியதில் அவனுக்கு முழு 1920க்கு 1080 திரை கிடைத்தது. அந்த டிவியில் இன்னொரு நல்ல குணமும் இருந்தது. ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டுக்குப் ‘பிசி’ என்று பெயர் மாற்றினால் மெருகேற்றும் வேலைகளையெல்லாம் அது நிறுத்திவிடும், தாமதம் சட்டென்று குறையும். அவனாகவே தற்செயலாகக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்: “அண்ணா, பெயரை மட்டும் மாத்தினேன், கை லேசாயிடுச்சு.”

கண்ணாடி மாட்டிய ஆண்டு

2010இல் ஓர் அப்டேட் மூலம் பிஎஸ்3க்கு 3டி கேம் வந்தது. ‘கிரான் டுரிஸ்மோ 5’, ‘கில்சோன் 3’ போன்ற பெரிய கேம்களிலேயே 3டி இருந்தது. 2011இல் நான் 3டி டிவி வாங்கினேன். முந்தைய டிவியில் எந்தப் பழுதும் இல்லை, வயது நான்குதான். நோட்டில்: “3டி கேமுக்கு.”

வாங்குவதற்கு முன் நான் பார்க்கத் தவறிய விஷயம், அந்த வசதியின் கணக்கு. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் வேண்டும் என்பதால் கன்சோலுக்கு வேலை இரட்டிப்பாகிறது. அதே பிஎஸ்3தான், திறன் கூடவில்லை. ஆகவே படத்தின் நுணுக்கமோ வேகமோ இரண்டில் ஒன்று குறைந்தே தீரும். கேபிளிலும் ஒரு வரம்பு இருந்தது. அன்றைய ஹெச்டிஎம்ஐ 1.4 வரையறையின்படி ஃபுல் ஹெச்டி 3டி நொடிக்கு 24 படம், சினிமாவுக்குப் போதும். நொடிக்கு 60 படம் வேண்டிய கேமுக்கு 720 வரிசைதான். ஃபுல் ஹெச்டி 3டி டிவி என்று வாங்கி, 3டி கேம் ஆடும்போது பழைய டிவியின் அளவுக்கே திரும்பினேன். கண்ணாடி வழியே பார்க்கும்போது வெளிச்சமும் குறைந்தது.

மூன்று கேம்களை 3டியில் முடித்தேன். ஒன்று உண்மையிலேயே அழகாக இருந்தது. கார்ப் பந்தயத்தில் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. அந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. ஆனால் பிஎஸ்4 வந்தபோது 3டி கேம்களின் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. 2017க்குள் பெரிய தயாரிப்பாளர்கள் 3டி டிவி செய்வதையே நிறுத்தினார்கள். பிஎஸ்5 3டி ப்ளூரே தட்டைக்கூட ஓட்டாது. நோட்டின் இரண்டாவது வரி: “ஃபுல் ஹெச்டி டிவியாகப் பயன்பட்டது.” தம்பியிடம் அது ஏற்கெனவே இருந்தது.

இந்த ஒரு தவறுக்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. டிவி தயாரிப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் புது மாடல் விற்க வேண்டும். பிளேஸ்டேஷன் கன்சோலோ 2000, 2006, 2013, 2020 என்று ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறைதான் தலைமுறை மாறுகிறது. கேம் செய்பவர்கள் அந்தத் தலைமுறையின் திறனுக்குள்தான் எழுத முடியும். டிவியில் வசதி வந்துவிட்டது என்பதால் கேம் அதற்கு ஏற்றபடி வந்துவிடாது.

ஹெச்டிஆர்: பெயர் முதலில், வெளிச்சம் பிறகு

2016 செப்டம்பரில் ஓர் அப்டேட் மூலம் எல்லா பிஎஸ்4க்கும் ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில் அதிக வேறுபாடு காட்டும் படம், வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், நவம்பரில் பிஎஸ்4 ப்ரோ. ப்ரோவோடு சேர்த்து, ஃபுல் ஹெச்டியைப் போல் நான்கு மடங்கு பிக்சல் கொண்ட 55 அங்குல 4கே ஹெச்டிஆர் டிவி வாங்கினேன். நோட்டில்: “4கே, ஹெச்டிஆர்.”

முதல் மூன்று மாதம் ஹெச்டிஆர் வேலையே செய்யவில்லை என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கால டிவிகளில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் மெனுவில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்தால்தான் போர்ட் முழு வேகத்தில், நொடிக்கு 18 ஜிகாபிட் வரை, வாங்கிக்கொள்ளும். பெட்டியிலிருந்து எடுத்தபடி விட்டால் பழைய வேகம்தான். கன்சோல் கேட்டுப்பார்த்து, டிவி முடியாது என்று சொன்னதும் பேசாமல் சாதாரணப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. புது டிவி வாங்கியும் படம் மாறவில்லையே என்று நினைக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று இன்றும் சொல்கிறேன்.

ஆன் செய்த பிறகு படம் இருண்டது. காரணம் புரியக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. சாதாரணப் படம் ஏறக்குறைய 100 நிட்ஸ் வெளிச்சத்தை அளவாக வைத்துச் செய்யப்படுவது. ஹெச்டிஆர் படம் 1000 நிட்ஸ், 4000 நிட்ஸ் என்று போகும். என் டிவியால் 350 நிட்ஸ் தாண்ட முடியாது. விளக்குகள் திரையின் ஓரத்தில் மட்டும் இருந்ததால் ஒரு மூலையை இருட்டாகவும் ஒரு மூலையைப் பளிச்சென்றும் காட்டவும் முடியாது. 1000க்குச் செய்த படத்தை 350க்குள் அடைக்க வேண்டும். அடைக்கும்போது நடுத்தர வெளிச்சமெல்லாம் அமுங்கிவிடுகிறது. ஹெச்டிஆர் சின்னம் பெட்டியில் இருந்தது பொய்யில்லை. அந்தச் சிக்னலை டிவி புரிந்துகொள்ளும் என்பதே அதன் பொருள். அந்த வெளிச்சத்தை அது காட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கேம்களும் அப்போது தடுமாறின. டிவி எவ்வளவு வெளிச்சம் தரும் என்று கேமுக்குத் தெரியாது. கேம் ஏற்கெனவே அடைத்த படத்தை டிவி மறுபடியும் அடைக்கும். இந்த இரட்டை வேலையைத் தவிர்க்கத்தான் 2018இல் கன்சோல், டிவி, கேம் தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஹெச்ஜிஐஜி என்ற குழுவை அமைத்தார்கள். பிஎஸ்5 முதல்முறை ஹெச்டிஆரை அமைக்கும்போது, சின்னம் கண்ணுக்கு மறைகிற வரை வெளிச்சத்தை மாற்றச் சொல்கிறதே, அது அந்த வழிமுறைதான். 2018இன் பெரிய கேம்களில் ஒன்றான ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’க்கே ஹெச்டிஆரைச் சரிசெய்ய 2019இல்தான் அப்டேட் வந்தது. கன்சோல், டிவி, கேம் மூன்றும் ஒரே மொழி பேச இரண்டு மூன்று ஆண்டு பிடித்தது. நான் அந்த இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்னாலேயே வாங்கிவிட்டேன்.

அளவு நாடாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

2018இல் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவனது பழைய 40 அங்குல டிவியில் ‘காட் ஆஃப் வார்’ ஆடினோம். பத்து நிமிடத்தில் ஒரு சங்கடம் வந்தது. என் வீட்டு 4கே திரையை விட இது மங்கல் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. இரவு நேரக் காட்சிகளில் கருமை சாம்பலாக இருந்தது, அதுதான் குறை. கூர்மையில் குறை தெரியவில்லை.

அளவு நாடாவை எடுத்து அளந்தோம். சோஃபாவிலிருந்து டிவிக்கு இரண்டரை மீட்டர். சாதாரணப் பார்வை உள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணம் வரை இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும். 40 அங்குலத் திரையின் அகலம் சுமார் 88.5 செ.மீ. அதை 1920ஆல் வகுத்தால் ஒரு பிக்சல் 0.46 மி.மீ. அந்தப் பிக்சல் கண்ணுக்கு மறைவது ஏறக்குறைய 1.6 மீட்டரில். அவன் அதற்கும் ஒரு மீட்டர் பின்னால் உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் 4கே திரை வைத்தாலும் அவன் கண்ணுக்கு மிகக் கொஞ்சமே கூடுதலாகக் கிடைக்கும்.

என் வீட்டில் 55 அங்குலம், சோஃபா இரண்டு மீட்டர். 55 அங்குலத்தில் 1080 வரிசையின் பிக்சல் 2.2 மீட்டரில் மறைகிறது. 4கே பிக்சல் 1.1 மீட்டரில். அதாவது 4கேயின் முழுப் பலன் வேண்டுமென்றால் நான் சோஃபாவைக் கிட்டத்தட்டப் பாதித் தூரத்துக்கு இழுத்துப் போட வேண்டும். நான் இருந்த இடத்தில் கொஞ்சம் பலன் இருந்தது, அவ்வளவே. கண் கூர்மையானவர்களுக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். அசையும் ஓரங்களில் மினுமினுப்பு குறைவதும் 4கேயின் வரவுதான். ஆனாலும் டிவி மாற்றத் தூண்டும் வசதிகளில் ரெசல்யூஷன் எனும் பிக்சல் எண்ணிக்கை ஒன்றைத்தான் வீட்டிலேயே, அளவு நாடாவால், வாங்குவதற்கு முன்பே சோதித்துவிட முடியும். நான் அதை வாங்கிய பிறகு செய்தேன்.

வேகம் என்கிற உண்மையான மாற்றம்

2017 நவம்பரில் ஹெச்டிஎம்ஐ 2.1 வரையறை வெளியானது. கேபிளின் கொள்ளளவு நொடிக்கு 18 ஜிகாபிட்டிலிருந்து 48க்கு உயர்ந்தது. 4கே படம் 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 முறை, வர வழி திறந்தது. விஆர்ஆர் எனப்படும் மாறும் ரீஃப்ரெஷ் ரேட்டும், டிவி தானாகவே கேம் மோடுக்குப் போகும் வசதியும் அதில் சேர்ந்தன. 2019இல் எல்ஜியின் ஓஎல்இடி டிவிகளில், அதாவது பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் டிவிகளில், அது வந்தது. 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் பிஎஸ்5உம் வந்தன.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இருபது ஆண்டில் கன்சோல் ஆடுபவரின் கைக்கே எட்டிய மாற்றம் இதுதான்.

60 ஹெர்ட்ஸ் டிவி 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப் படம் கேட்கும். கன்சோல் அதற்குள் படத்தை முடித்துவிட்டால் நல்லது. ஒரு மில்லிநொடி தாமதமானாலும் அந்தப் படம் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். திரையில் பழைய படமே 33.3 மில்லிநொடி நிற்கும். பேருந்தை ஒரு நிமிடத்தில் தவறவிட்டால் அடுத்த பேருந்து வரை நிற்கிறோமே, அப்படி. கண்ணுக்கு அது ஒரு வெட்டாகத் தெரிகிறது. சண்டை உச்சத்தில் இருக்கும்போதுதான் கன்சோலுக்கு வேலை அதிகம், அதனால் சரியாக அந்த நேரத்தில்தான் வெட்டும் வரும். விஆர்ஆர் டிவி கன்சோலுக்காகக் காத்திருக்கும்; படம் 18 மில்லிநொடியில் முடிந்தால் 18இல் காட்டும். நொடிக்கு 52, 55 என்று அலையும் கேம்கூட வழுவழுவென்று ஓடும். பிஎஸ்5இல் இந்தக் காத்திருப்பு 48க்கும் 120 ஹெர்ட்ஸுக்கும் இடையில் நடக்கிறது.

120 ஹெர்ட்ஸ் டிவிக்கு இன்னொரு வரவும் இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. நொடிக்கு 40 படம் தரும் கேமை 60 ஹெர்ட்ஸ் டிவியில் சீராகக் காட்ட முடியாது, 60ஐ 40 மீதியின்றி வகுக்காது. 120ஐ வகுக்கும்: ஒவ்வொரு படமும் மூன்று முறை. 2021இல் ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ கேமுக்கு வந்த அப்டேட் 120 ஹெர்ட்ஸ் திரைகளுக்கென்று இந்த 40 படப் பயன்முறையைக் கொடுத்தது. 30 படம் என்றால் ஒரு படத்துக்கு 33.3 மில்லிநொடி, 60 என்றால் 16.7. இரண்டுக்கும் சரிபாதி 25 மில்லிநொடி, அது 40 படம். எண்ணில் 40 என்பது 30க்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். கையில் அது 30க்கும் 60க்கும் நட்டநடுவில் இருக்கும். அழகான படத்தையும் விடாமல், கையின் விறைப்பையும் குறைத்துத் தந்த அந்த அப்டேட்டை முதன்முதலாக ஓட்டிய இரவில் தம்பியைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினேன்.

ஆடுபவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2024 செப்டம்பரில் பிஎஸ்5 ப்ரோவை அறிமுகம் செய்தபோது அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, அழகுக்கும் வேகத்துக்கும் இடையில் தேர்வு கொடுத்தால் ஆட்டக்காரர்கள் நான்கில் மூன்று முறை வேகத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார். பதினைந்து ஆண்டு நோட்டும் அதையே சொல்கிறது. எழுத்து படிக்க முடிந்த நாளும் கை லேசான நாளும்தான் நினைவில் நிற்கின்றன.

இருந்தும் 2021இல் நடந்தது

இத்தனை நல்ல வசதிக்காக 2021 தொடக்கத்தில் நான் நான்காவது டிவியை வாங்கினேன். முந்தையதற்கு வயது நான்கு ஆண்டும் சில மாதங்களும். நோட்டில்: “120, விஆர்ஆர்.” இம்முறை காரணம் சரி, அவசரம் தவறு.

முதலாவது, விஆர்ஆர் அப்டேட்டில் வரும் என்று அந்த மாடலோடு சொல்லப்பட்டிருந்தது. வர ஓராண்டு ஆனது. வந்தபோது அதை ஆன் செய்தால் திரையின் பகுதிவாரி வெளிச்சக் கட்டுப்பாடு நின்றுபோனது; இருட்டுக் காட்சிகள் 2009 டிவிபோல் சாம்பலாயின. இரண்டாவது, நான்கு போர்ட்டில் இரண்டுதான் முழு வேகம், அதில் ஒன்றில்தான் சவுண்ட்பாரையும் மாட்ட வேண்டும். இரண்டு கன்சோல் வைத்திருப்பவருக்கு மீதி ஒரே ஒரு போர்ட். மூன்றாவது, பிஎஸ்5க்கே விஆர்ஆர் வந்தது 2022 ஏப்ரலில்தான், கன்சோல் வெளியாகிப் பதினேழு மாதம் கழித்து. இருக்கிற எல்லாப் பாகமும் வாங்கிவைத்து, பூட்டுக்குச் சாவி வரக் காத்திருந்ததுபோல் ஆனது என் நிலை.

ஹெச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரை நம்பியும் பயனில்லை. அந்த வரையறையில் 120 ஹெர்ட்ஸ் உட்படப் பல வசதிகள் கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டால் சேர்க்கலாம் என்பது 2021 இறுதியில் பரவலாகத் தெரியவந்தது. 18 ஜிகாபிட் போர்ட்டுக்கும் 2.1 என்று பெயர் வைக்க இடம் இருந்தது. எத்தனை போர்ட்டில், எத்தனை ஹெர்ட்ஸ், விஆர்ஆர் இப்போதே இருக்கிறதா, அதை ஆன் செய்தால் எது அணைகிறது என்று வரி வரியாகக் கேட்டால்தான் உண்மை வரும்.

தம்பியின் இரண்டாவது டிவி

தம்பி பொறுமைசாலி, அதனால் ஜெயித்தான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. 2022 பிப்ரவரியில் அவனது 40 அங்குல டிவியின் பின்விளக்கு பாதி செத்துப்போனது. அதுவரை பிஎஸ்5ஐயும் அதில்தான் ஓட்டினான். கன்சோல் உள்ளே பெரிய அளவில் வரைந்து 1080க்குச் சுருக்கி அனுப்பியதால் ஓரங்கள் சுத்தமாகவே இருந்தன. பின்விளக்கு போகாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கணினி மானிட்டரில் ஆடினான். ஏப்ரல் கடைசியில் பிஎஸ்5க்கு விஆர்ஆர் வந்த வாரம் கூப்பிட்டான்.

“அண்ணா, இப்ப வாங்கலாமா?”

“இப்ப வாங்கு. நாலு போர்ட்டும் 120 இருக்கணும். விஆர்ஆர் அப்டேட்டுல வரும்னு எவனாவது சொன்னா எந்திரிச்சு வந்துடு.”

“4கே, அந்த இன்னொரு வகை ஹெச்டிஆர் டால்பி விஷன், அதெல்லாம்?”

“4கே இல்லாம இனிமே எதுவும் வராது, அதைப் பத்தி யோசிக்காதே. டால்பி விஷன் கேமுக்கு எக்ஸ்பாக்ஸ்லதான் உண்டு, பிஎஸ்5ல இல்ல. நீ எக்ஸ்பாக்ஸ் வாங்கப் போறியா?”

“இல்ல.”

“அப்ப விடு.”

55 அங்குல ஓஎல்இடி ஒன்றை வாங்கினான். சோஃபாவை அரை மீட்டர் முன்னால் நகர்த்தச் சொன்னேன், நகர்த்தினான். அவன் டிவி என் டிவியை விடப் பதினைந்து மாதம்தான் இளையது; ஆனால் நான்கு போர்ட்டும் முழு வேகம், விஆர்ஆர் முதல் நாளிலிருந்தே, கருமை கருமையாகவே. குறை இல்லாமலும் இல்லை. விஆர்ஆரில் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை அதிகம் அலையும்போது இருட்டான காட்சிகளில் ஓஎல்இடி திரை லேசாகத் துடிக்கும். அவன் அதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அது கண்ணில் படும்.

பதின்மூன்று ஆண்டில் அவன் இழந்தது என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். 3டியில் அந்தக் கார்ப் பந்தயம். 2018க்குப் பிறகான ஹெச்டிஆர் கேம்கள் சில. ஆனால் அவற்றை என் டிவியும் சரியாகக் காட்டவில்லை. பிஎஸ்5இன் முதல் ஆண்டில் 120 ஹெர்ட்ஸ். இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் இழப்பாக எண்ணுவேன். எழுத்து பொடியாக இருந்த 2006ஐ அவன் கடந்ததே என் வீட்டு டிவியில் உட்கார்ந்துதான்.

எத்தனை ஆண்டு?

என் இடைவெளிகள் நான்கு, ஐந்தரை, நான்கு. தம்பியுடையது பதின்மூன்று. என் நான்கில் தேவையானவை 2007உம் 2021உம். அவற்றில் பின்னதை ஓராண்டு தள்ளி வாங்கியிருக்க வேண்டும். 2016ஐ இரண்டு ஆண்டு தள்ளியிருந்தால் நல்ல ஹெச்டிஆர் டிவி கிடைத்து, அது இன்னும் நீண்ட நாள் உழைத்திருக்கும். 2011 வேண்டவே வேண்டாம்.

அப்படிப் பார்த்தால் கன்சோல் தலைமுறைக்கு ஒரு டிவி என்பதே அதிகபட்சம், ஏழு ஆண்டு. ஒரு தலைமுறையைத் தாண்டிப் போவதும் சாத்தியம். எந்த ஆண்டு என்பதைத் தலைமுறை பிறந்த நாளை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஹெச்டிஆருக்கு இரண்டு மூன்று ஆண்டு, விஆர்ஆருக்கு ஒன்றரை ஆண்டு என, கன்சோல், டிவி, கேம் மூன்றும் ஒத்துப்போக ஒவ்வொரு முறையும் காலம் பிடித்திருக்கிறது. கன்சோல் வந்து ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்து வாங்கிய டிவி, அந்தத் தலைமுறையின் கடைசிவரை துணை வரும். கன்சோலோடு சேர்த்து வாங்கிய என் டிவிகள் அப்படி வரவில்லை. பழைய டிவி நடுவில் பழுதாகிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது; அப்போது இருப்பதில் நல்லதை வாங்க வேண்டியதுதான்.

நான் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நான் இந்த மாதம் ஆடும் கேம்களில் எத்தனை கேம்கள் இந்த வசதியைக் கேட்கின்றன? 2006இல் ஒரே கேம் கேட்டது, ஆனால் அது இல்லாமல் ஆடவே முடியாது என்ற அளவுக்குக் கேட்டது. 2011இல் மூன்று கேட்டன, இல்லாவிட்டாலும் ஆடலாம் என்று அவையே சொல்லின. 2022இல் என் அலமாரியில் இருந்த பிஎஸ்5 கேம்களில் பாதிக்கு மேல் 120 ஹெர்ட்ஸாலோ விஆர்ஆராலோ பயன் பெற்றன.

2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ வந்தபோது பழைய ஆசை மறுபடியும் தலைதூக்கியது. அதிக வெளிச்சம் தரும் ஓஎல்இடி டிவிகளைப் போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே அழகு. 2025இல் நொடிக்கு 96 ஜிகாபிட் கடத்தும் ஹெச்டிஎம்ஐ 2.2 வரையறையும் வெளியானது. அதைப் பயன்படுத்தும் கன்சோல் எதுவும் இல்லை. அதே ஆண்டு ஜூனில் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வந்தது. டிவியில் மாட்டினால் 4கேயில் 60, அதற்குக் குறைந்த ரெசல்யூஷனில் 120, ஹெச்டிஆர் உண்டு. விஆர்ஆர் கையில் வைத்து ஆடும்போது மட்டும். என் 2021 டிவியால் முடியாதது அதில் ஒன்றும் இல்லை, போர்ட்டைத் தவிர. இன்னொரு கன்சோலுக்கு முழு வேகப் போர்ட் இல்லை.

தம்பியிடம் சொன்னேன். “4கே 60க்குப் பழைய 18 ஜிகாபிட் போர்ட்டே போதும்தானே அண்ணா, அதுல மாட்டு. 120 வேணுங்கிறப்போ கேபிளை மாத்திக்க” என்றான். டிவியை முன்னால் நகர்த்தி, பின்னால் கைவிட்டு, ஸ்விட்ச் 2ஐ ஒன்றாம் எண் போர்ட்டில் செருகினேன். மெனுவில் அந்தப் போர்ட்டின் வேகச் சுவிட்சை ஆன் செய்தேன். நோட்டில் 2021இன் பக்கத்தில் இரண்டாவது வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.